மனுதாரர் என் மகள்

சூன் 4, செவ்வாய்

காலையில் உப்புநீர் கொப்பளித்துக்கொண்டிருந்தபோது நீதிமன்றப் பணியாளர் அழைப்பாணையோடு வந்தார். வாயில் நீர் இருந்தமையால் அமருமாறு கையசைத்தேன். அவர் அமரவில்லை.

"முகிலரசி என்கிற மேகலாங்கிறது நீங்கதானம்மா?"

தலையசைத்தேன். மேகலா என்னும் பெயரை விட்டுப் பல்லாண்டுகள் ஆயின. அரசிதழிலும் மாற்றியாயிற்று. ஆயினும் அத்தாளில் அப்பெயர் இருந்தது.

குடும்ப நல நீதிமன்றம், திருச்சிராப்பள்ளி. மனுதாரர்: சிறுமி யாழ்நங்கை, வயது பதினொன்று, அவள் பொருட்டு அவளுடைய தந்தை தனபால். எதிர்மனுதாரர்: முகிலரசி. வேண்டுவது: சிறுமியின் பராமரிப்புக்குத் திங்கள்தோறும் பதினைந்தாயிரம் உரூபாய்.

தொடுத்தவர் அவர். ஆனால் வழக்கு என் மகளின் பெயரில் இருக்கிறது. எத்தனையோ எதிரணிகளைக் கண்டவள் நான். இந்த எதிரணி புதிது.

சென்ற ஆவணியில் உறையூர் வீட்டிலிருந்து வெளியேறினேன். கூட்டங்களுக்குப் போய்வர வசதியாகப் பேருந்து நிலையத்தருகே இவ்வீட்டை எடுத்தேன். நங்கை பள்ளி மாறக்கூடாது என்பதற்காகத் தந்தையோடு இடைக்காலமாக இருக்கிறாள். இடைக்காலமாக என்னும் சொல் மனுவில் எங்கும் இல்லை. இருமுறை தேடினேன்.

மாலை துறையூரில் பேச்சு. தலைப்பு, 'தமிழர் வாழ்வில் அறம்'. நன்றாக இருந்ததாகச் சொன்னார்கள்.

சூன் 6, வியாழன்

வழக்கறிஞர் சகிலா பானுவின் அலுவலகம். பிறர் பேசுவதை அவர்கள் பேசியவாறே எழுதிவைப்பது என் பழக்கம், மேடைக்கு உதவும். ஆகவே இதனையும் அவ்வாறே எழுதுகிறேன்.

"இதுல பெரிய ரகசியம் ஒண்ணும் இல்லக்கா. உங்க வருமானத்த ஒரு பக்கம் வைப்பாங்க, அவரு வருமானத்த இன்னொரு பக்கம் வைப்பாங்க. பிள்ளைக்கு மாசம் என்ன தேவைன்னு பாப்பாங்க. யாருக்கு எவ்வளவு வருதோ அந்த அளவுக்குப் பிரிச்சு விடுவாங்க. பிள்ளை யாருகிட்ட இருக்கோ, அவங்க பொங்கிப் போடறது, தலை சீவி விடறது, காய்ச்சல்னா முழிச்சுக் கெடக்கறது, அதையும் ஒரு பங்குன்னுதான் எடுத்துக்குவாங்க."

"தந்தையிடமிருந்து தாய்க்குத்தானே கொடுக்கச் சொல்வார்கள்?"

"யாருக்குக் கூட வருதோ அவங்க கூடக் குடுக்கணும். அவரு காலேஜ் லைப்ரரில உதவியாளரு. நீங்க ஊர் ஊரா மாலை வாங்கறவங்க. ஜட்ஜம்மாவுக்கு ஆணு பொண்ணு எல்லாம் ஒண்ணுதான்."

"பணம் ஒரு பொருட்டன்று" என்றேன்.

"அப்பக் குடுத்துரலாம்ல?"

பணம் கொடுத்தால் மகள் அவரிடம் இருக்கிறாள் என்று நானே கையெழுத்திட்டதாகும். இதை விளக்க அவருடைய மின்விசிறியின் இரைச்சல் இடம் தரவில்லை.

எழுந்து புறப்படும்போது சகிலா, "வாய்தா அன்னிக்குப் பிள்ளையையும் கூட்டிட்டு வரச் சொல்லிக் கேட்டுப் பாக்கவாக்கா? அங்க பிள்ளைங்களுக்குன்னு ஒரு ரூம் இருக்கு. ஒரு மணி நேரம் பாக்கலாம்" என்றார்.

கேட்கச் சொன்னேன். பொங்கலுக்குப் பின் நங்கையை நான் பார்க்கவில்லை. தை முதல் வைகாசி வரை ஊர்தோறும் திருவிழா. மேடையில்லாத நாள் அரிது.

சூன் 11, செவ்வாய்

கரூர். தொண்டை கட்டியது. பனங்கற்கண்டு தீர்ந்துவிட்டது.

சூன் 14, வெள்ளி

மனுவோடு இணைத்த செலவுப் பட்டியலைச் சகிலா உரக்கப் படித்தார். பள்ளிக் கட்டணம், ஊர்திக் கட்டணம், பால், வீட்டு வாடகையில் பங்கு, மருத்துவம். மருத்துவத்தின் கீழே மூக்குக் கண்ணாடி என்று ஒன்று.

"இது பொய்" என்றேன்.

"எதுக்கா?"

"என் மகள் கண்ணாடி அணிவதில்லை."

"நல்லாத் தெரியுமா?"

"சித்திரையில் பெரம்பலூரில் ஒரு பள்ளியாண்டு விழா. மூவாயிரம் பேர் முன்னிலையில் சொன்னேன். 'என் மகளுக்கு வயது பதினொன்று. அவள் கண்ணில் கண்ணாடி இல்லை. ஏன்? என் வீட்டில் புத்தகத்துக்கு இடமுண்டு, செல்பேசிக்கு இடமில்லை.' கைத்தட்டல் அடங்க நெடுநேரமாயிற்று. அந்தப் பேச்சு இணையத்தில் இருக்கிறது."

"மேடையில சொன்னத எவிடன்ஸா எடுத்துக்க மாட்டாங்கக்கா."

"நான் பொய் சொல்கிறேன் என்கிறீர்களா?"

"ஐயோ, நான் அப்பிடிச் சொல்லல. மறுத்துப் போட்டுருவமா?"

"மறுத்துப் போடுங்கள். ஒன்று பொய்யானால் முழுப் பட்டியலும் பொய் என்றும் எழுதுங்கள்."

அவர் எழுதினார். நான் கையெழுத்திட்டேன். எதிருரை நன்றாகவே அமைந்திருக்கிறது. இரண்டிடங்களில் வல்லினம் மிகாமல் இருந்தது, திருத்திக் கொடுத்தேன்.

சூன் 25, செவ்வாய்

முதல் வாய்தா. நீதிபதி இரண்டு நிமிடம்கூடப் பார்க்கவில்லை. எதிருரை பெறப்பட்டது, இரு தரப்பும் வருமானம், சொத்து பற்றிய உறுதிமொழி ஆவணம் தரவேண்டும், சூலை ஒன்பது.

பின்னர்க் குழந்தைகள் அறை. சுவரில் முயலும் யானையும் வரைந்திருக்கிறார்கள். யானைக்கு ஒரு தந்தம் மட்டும் இருக்கிறது. நங்கை வளர்ந்திருக்கிறாள். சட்டையின் கை குட்டையாகிவிட்டது. அதை அவளுடைய தந்தை கவனித்ததாகத் தெரியவில்லை.

அங்கிருந்த கதைப் புத்தகங்களுள் ஒன்றை எடுத்தாள். சிறிது நேரம் புரட்டினாள். பிறகு என்னிடம் நீட்டினாள்.

"அம்மா, நீங்களே படிங்க. நீங்க படிச்சாத்தான் நல்லா இருக்கும்."

படித்தேன். புலிக்கு ஒரு குரல், நரிக்கு ஒரு குரல். அறையிலிருந்த பிற குழந்தைகளும் அருகில் வந்து அமர்ந்தார்கள். நங்கை என் தோள்மேல் சாய்ந்து, படங்களைப் பார்க்க முகத்தைத் தாளோடு ஒட்டிக்கொண்டாள். அவ்வளவு நெருங்கி அவள் அமர்ந்து நெடுங்காலம் ஆகிறது.

என் குரலை அவள் மறக்கவில்லை.

சூலை 2, செவ்வாய்

சமைக்கவில்லை. கீழ்க்கடையில் இட்டிலி. மாலையில் கூட்டம் இல்லை.

சூலை 9, செவ்வாய்

உறுதிமொழி ஆவணம் அணியமாகவில்லை என்று சகிலா சொல்லி நாள் கேட்டார். அணியமாகாததற்குக் காரணம் நான் தாள்களைக் கொடுக்காததே. வேறு வேலைகள் இருந்தன.

குழந்தைகள் அறையின் வாயிலில் நின்று நங்கையை நோக்கிக் கையசைத்தேன். அவள் என் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள், ஆனால் அசையவில்லை. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. இரண்டு வாரத்துக்குள் அவள் தந்தை ஏதோ சொல்லிக்கொடுத்திருக்கிறார் என்று எண்ணினேன். பிள்ளைகளின் மனத்தைக் கெடுப்பதற்கு இரண்டு வாரம் மிகுதி.

"நங்கை" என்று அழைத்தேன். அழைத்தவுடன் ஓடிவந்தாள்.

இன்றும் நானே படித்தேன். இன்றும் அவளே கேட்டாள். வெளியே வரும்போது படிக்கட்டில் கால் தடுமாறினாள். பார்த்து நடக்கச் சொன்னேன்.

சூலை 16, செவ்வாய்

சகிலாவின் அலுவலகம். வருமானப் பகுதியை நிரப்பினோம்.

எங்கள் தொழிலின் வழக்கத்தை அவருக்கு விளக்க வேண்டியிருந்தது. கூட்டம் முடிந்ததும் பொன்னாடை போர்த்துவார்கள். பொன்னாடையின் மடிப்பில் உறை இருக்கும். உறையைப் பற்றி மேடையில் எவரும் பேசுவதில்லை, பேசுவது நாகரிகமன்று. அமைப்பாளரின் பதிவேட்டில் 'போக்குவரத்துச் செலவு' என்று எழுதியிருப்பார்கள். நான் அதில் கையெழுத்திடுவேன். எனவே சட்டப்படி எனக்கு வந்தது போக்குவரத்துச் செலவு மட்டுமே.

சகிலா எழுதுகோலைக் கீழே வைத்தார்.

"அந்த உறையில என்னக்கா இருக்கும்? காத்தா?"

"அன்பளிப்பு."

"மாசத்துக்கு எத்தன அன்பளிப்பு?"

"கணக்கு வைத்துக்கொள்வதில்லை."

"தனியா வீடு எடுத்திருக்கீங்க, வாடகைக் கார்ல போறீங்க, போன மாசம் பட்டுச் சேல எடுத்ததா நீங்களே சொன்னீங்க. எல்லாம் போக்குவரத்துச் செலவுலயா? பஸ்ஸு டிக்கெட்ட மிச்சம் புடிச்சு?"

நான் சிரிக்கவில்லை. அவரும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

'ஒழுங்கற்ற மதிப்பூதியம், திங்களுக்குச் சற்றேறக்குறைய பன்னிரண்டாயிரம்' என்று எழுதச் சொன்னேன். கீழே, 'மேற்கூறியவை என் அறிவுக்கு எட்டியவரை உண்மை' என்று அச்சிட்டிருந்தது. கையெழுத்திட்டேன். எழுத்து வழக்கத்தைவிடச் சிறியதாக விழுந்தது. தாள் வழுவழுப்பானது.

சூலை 20, சனி

திண்டுக்கல். தலைப்பு, 'தாய்மை'. நேரம் போனதே தெரியவில்லை என்றார்கள்.

'தாய் கணக்குப் பார்ப்பவளா? தந்தை தந்ததைச் சொல்லிக்காட்டுவான். உடன்பிறந்தார் பங்கு கேட்பர். ஊரார் வட்டி கேட்பர். தான் கொடுத்த பாலுக்குக் கணக்கெழுதாத ஒருத்தி தாய். அவள் எழுதத் தொடங்கினால் இவ்வுலகமே கடனாளியாய்த் தெருவில் நிற்கும்' என்றேன். முன்வரிசையில் ஒரு பெண் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பின்வரிசையில் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

பொன்னாடை நீலம். உறையைப் பிரிக்காமல் பெட்டியில் வைத்தேன்.

சூலை 30, செவ்வாய்

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கோதண்டம் முதியவர். சட்டைப்பையில் மூக்குப்பொடி. என் பெயர் அச்சிட்ட கூட்ட அறிவிப்புகளை ஒரு கட்டாகக் கொண்டுவந்து நீதிபதியின் மேசைமேல் வைத்தார். சுவரொட்டிகள், துண்டறிக்கைகள், ஒரு பெரிய விளம்பரத் தட்டியின் நிழற்படம். 'அனல் பறக்கும் பேச்சாளர்' என்று அதில் இருந்தது.

"அம்மா, இது ஒரு மாசத்து நோட்டீஸ். எதிர்மனுதாரர் இத்தனைக்கும் பஸ் சார்ஜ் மட்டும்தான் வாங்கினேன்னு சொல்றாங்க. ஊட்டிக்கு டூர் போறவங்ககூட மாசத்துல இத்தன தடவ பஸ் ஏற மாட்டாங்க."

நீதிபதி நடுவயதினர். என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் பேச எழுந்தேன். 'மாண்புமிகு நீதியரசர் அவர்களே' என்று தொடங்கினேன்.

"உக்காருங்கம்மா. பேச்சு அப்புறம் கேக்கறேன். எனக்கு ஒண்ணு மட்டும் வேணும். அவரு பிள்ளைக்கு என்ன செலவாகுதுன்னு ஒரு கணக்குக் குடுத்திருக்காரு. நீங்க அது பொய்ங்கிறீங்க. சரி. அப்ப உங்க பிள்ளைக்கு மாசம் என்ன ஆகும்? நீங்க எழுதிக் குடுங்க. தாயார்தானே, உங்களுக்குத் தெரியாததா? பதிமூணாந்தேதி பாக்கறேன்."

வெளியில் நெடுந்தாழ்வாரத்தில் நங்கையின் தந்தை நின்றிருந்தார். அருகில் வந்தார்.

"மேகலா, கேஸ இழுக்காத. ஒவ்வொரு வாய்தாவுக்கும் பாப்பாவுக்கு லீவு போட வேண்டியிருக்கு. நானும் பாதிச் சம்பளத்துல லீவு."

"என் பெயர் முகிலரசி."

"சரி, முகிலரசி. இழுக்காத."

"பெற்ற தாய் பிள்ளையைக் காண ஒரு மணி நேரம், அதுவும் உங்களுக்குப் பொறுக்கவில்லை."

"வீட்டுக்கு வந்து பாரு. யாரு வேணாம்னா? கதவு தொறந்துதான் இருக்கு. நீ ஒரு நாள் வந்தியா?"

"என் மகள் இருக்கும் வீட்டிற்கு நான் விருந்தாளியாய் வருவதா?"

"கோர்ட்டுக்கு மட்டும் வர்ற. இங்க என்ன, சொந்தக்காரியா வர்றியா?"

விடை இருந்தது. மூன்று விடைகள் இருந்தன. அதற்குள் கோதண்டம் அவரை அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

நங்கையோடு ஒரு மணி நேரம். இன்று புத்தகம் படிக்கக் கேட்கவில்லை. தலைவலி என்றாள். என் மடியில் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். வாய்தாவுக்கு இன்னும் இரண்டு வாரம்.

ஆகத்து 5, திங்கள்

நீதிபதி கேட்ட கணக்கை எழுத அமர்ந்தேன். 'யாழ்நங்கைக்குத் திங்கள்தோறும் ஆகும் செலவு' என்று தலைப்பிட்டு அடிக்கோடு போட்டேன்.

பள்ளிக் கட்டணம் அவர் கொடுத்த பட்டியலில் இருக்கிறது. அதைப் பார்த்து எழுதுவது முறையன்று. பாலில் தொடங்கினேன். அவள் பால் குடிப்பாளா என்று தெரியவில்லை. சிறுவயதில் குடிக்கமாட்டாள். இப்போது பதினொன்று.

ஊர்தி ஓட்டும் தேவசகாயத்தைத் தொலைபேசியில் அழைத்தேன். அவருக்கு இரு பெண்கள்.

"ஆறாம் வகுப்புப் படிக்கும் பெண்பிள்ளைக்குத் திங்களுக்கு என்ன செலவாகும்?"

"நம்ம பாப்பாவுக்காம்மா?"

"பொதுவாகக் கேட்கிறேன். ஒரு கூட்டத்துக்கு."

"அதச் சொல்லி மாளாதும்மா. இன்னிக்கு ஜாமெட்ரி பாக்ஸ்ம்பா, நாளைக்கு சார்ட் பேப்பரும்பா, நாளன்னிக்கு டீச்சருக்குப் பொறந்த நாளு, பத்து ரூபா குடும்பா. என் வீட்டுக்காரிகிட்ட கேளுங்க, அவளுக்குத்தான் தெரியும். நான் கேட்டதக் குடுக்கற ஆளு." கொஞ்சம் நிறுத்தி, "தலைப்பு என்னங்கம்மா?" என்றார்.

"இன்னும் முடிவாகவில்லை."

தலைப்புக்குக் கீழே எழுதாமலேயே தாளை மடித்துவைத்தேன். சேலைகளை மடித்தேன். மதுரை நாளை.

ஆகத்து 12, திங்கள்

ஒரு தொகை எழுதிவிட்டேன். ஏழாயிரத்து ஐந்நூறு. ஏழாயிரம் என்றால் குறைவாய்த் தோன்றும். எட்டாயிரம் என்றால் இட்டுக்கட்டியது போலத் தோன்றும்.

ஆகத்து 13, செவ்வாய்

வழக்குகள் மிகுதி என்று எங்களை முற்பகல் அழைக்கவில்லை. நான் குறித்த நேரத்துக்கு முன்னரே குழந்தைகள் அறைக்குப் போனேன். கதவு பாதி சாத்தியிருந்தது.

நங்கை தரையில் அமர்ந்து அட்டைத் துண்டுகளைச் சேர்த்து ஒரு படத்தை முடித்துக்கொண்டிருந்தாள். கண்ணாடி அணிந்திருந்தாள். கனத்த கண்ணாடி, பழுப்புச் சட்டகம். ஒவ்வொரு துண்டையும் எடுத்து விரைவாக அதனதன் இடத்தில் வைத்தாள். ஒருமுறைகூடத் தவறவில்லை. அவர் சுவரோரம் நின்றிருந்தார்.

அறையைப் பார்த்துக்கொள்ளும் அம்மையார் கடிகாரத்தைப் பார்த்து, "பாப்பா, அம்மா வர்ற நேரம்" என்றார். நங்கை கண்ணாடியைக் கழற்றித் தந்தையின் சட்டைப்பையில் போட்டாள். பழகிய கை.

"ஏன் பாப்பா, ஒவ்வொரு தடவையும் கழட்டி வச்சுடற? அப்புறம் தலவலிக்குதுன்னு ஒக்காந்திருக்க."

"எனக்குக் கண்ணாடி இல்லன்னு அம்மா மேடைல சொல்லிருக்காங்க ஆன்ட்டி. எங்க கிளாஸ்ல எல்லாரும் வீடியோ பாத்தாங்க."

"பாத்துட்டு?"

"உங்கம்மா பொய் சொல்றாங்கன்னு சொன்னாங்க. எங்கம்மாவுக்குத் தெரியாதுன்னு நான் சொல்லல. தெரியாதுன்னா இன்னும் கேவலம்."

அந்த அம்மையார் அவரைப் பார்த்தார். அவர், "நான் சொல்லிப் பாத்துட்டேங்க" என்றார். "அம்மா கேஸுல தோத்துருவாங்கங்கிறா."

நான் பின்வாங்கித் தாழ்வாரத்தின் மறுகோடிக்குப் போய்க் குடிநீர்க் குழாயருகே நின்றேன். ஒருவர் குடிக்க வேண்டும் என்றார், விலகினேன். பிறகு காலடியோசை கேட்குமாறு நடந்து வந்து கதவைத் தள்ளினேன்.

"வாங்கம்மா" என்றாள் நங்கை, நான் நின்ற இடத்துக்குச் சற்று இடப்புறம் பார்த்து.

ஒரு புத்தகம் எடுத்துப் படித்தேன். எந்தக் கதை என்று நினைவில்லை.

பிற்பகல், நீதிபதி விடுப்பில் போய்விட்டதால் இருபத்தேழு என்று நாள் கொடுத்தார்கள். ஏழாயிரத்து ஐந்நூறு என் கைப்பையிலேயே இருக்கிறது.

ஆகத்து 14, புதன்

இரண்டு சேலை துவைத்தேன்.

ஆகத்து 17, சனி

புதுக்கோட்டை. பேச்சின் நடுவே, 'என் வீட்டிலேயே பாருங்கள்' என்று தொடங்கிவிட்டேன். அதற்குமேல் செல்லவில்லை. ஒலிபெருக்கி பழுது என்று எண்ணி ஒரு பையன் ஓடிவந்து கம்பியைத் திருகினான். நீர் அருந்திவிட்டு வேறொன்று சொன்னேன்.

ஆகத்து 20, செவ்வாய்

சகிலாவின் அலுவலகம்.

"கண்ணாடியை மறுத்ததைத் திரும்பப் பெறவேண்டும்."

"ஏன்க்கா?"

"அவள் அணிகிறாள்."

சகிலா எதிருரையின் படியை எடுத்துப் புரட்டினார். "ஒண்ண வாபஸ் வாங்கினா மத்ததையும் நம்ப மாட்டாங்கக்கா. நீங்கதான் எழுதச் சொன்னீங்க, ஒண்ணு பொய்யானா முழுக்கப் பொய்யின்னு. அது நம்ம பக்கமே திரும்பும்."

"திரும்பட்டும். வருமானத்தையும் மாற்ற வேண்டும்."

"எவ்வளவுன்னு?"

பெட்டியில் பிரிக்காமல் கிடந்த உறைகளை நேற்றுப் பிரித்திருந்தேன். தொகையைச் சொன்னேன். அவர் விரல்களை மடக்கிப் பார்த்துவிட்டு நிறுத்தினார்.

"இத மொதல்லயே சொல்லிருந்தா மூணு வாய்தா மிச்சம் ஆயிருக்கும்."

"ஆம்."

"அப்புறம் இன்னொண்ணு. இதோட ஆர்டர் போட்டுட்டாங்கன்னா வாய்தா இல்லக்கா. அந்த ரூமும் இல்ல. ஞாயித்துக்கெழமை பாக்கறதுக்கு ஆர்டர்ல எழுதி வாங்கலாம். ஆனா பிள்ளைக்கு இஷ்டம் இருந்தாத்தான். பதினொரு வயசு. வரமாட்டேன்னா யாரும் தூக்கிட்டு வர முடியாது."

அறிவேன் என்றேன். தேநீர் வரவழைத்தார்.

ஆகத்து 27, செவ்வாய்

நீதிபதி கேட்டார்: "உங்க கணக்கு எங்கம்மா?"

எழுந்தேன். நீதிமன்றம் நிறைந்திருந்தது. வேறு வழக்குகளுக்கு வந்தவர்களும் என்னை அடையாளம் கண்டு திரும்பினார்கள். அவை எனக்குப் புதிதன்று. ஓர் அவையை எவ்விடத்தில் மூச்சடக்கச் செய்வது, எவ்விடத்தில் விடுவிப்பது என்று அறிந்தவள் நான்.

"என்னிடம் கணக்கு இல்லை, அம்மா. மனுதாரர் கொடுத்த கணக்கே சரி."

"கண்ணாடிய மறுத்திருக்கீங்களே?"

"அதுவும் சரி."

அமர்ந்தேன். கோதண்டம் மூக்குப்பொடிச் சிமிழை மூடிக்கொண்டே பக்கத்திலிருந்தவரிடம், "ஒரு மணி நேரம் ஆகும்னு வீட்டுல சாப்பாடு வேணாம்னு சொல்லிட்டு வந்தேன்யா" என்றார்.

நீதிபதி என் புதிய ஆவணத்தையும் நங்கையின் தந்தையுடைய சம்பளச் சான்றையும் அருகருகே வைத்துப் பார்த்தார். அவற்றின்படி எனக்கு வருவது அவருக்கு வருவதைப்போல் இருமடங்குக்கு மேல். உரத்த குரலில் சொல்லச் சொல்ல எழுத்தர் தட்டச்சு செய்தார். சிறுமி தந்தையின் பராமரிப்பில் வாழ்ந்துவருவதாலும், அன்றாடக் கவனிப்பைத் தந்தையே செய்துவருவதாலும், எதிர்மனுதாரரின் வருமானம் கூடுதலாக இருப்பதாலும், கோரிய பதினைந்தாயிரமும் பள்ளிக் கட்டணத்தில் பாதியும். திங்கள்தோறும் ஐந்தாம் நாளுக்குள். இரண்டாம், நான்காம் ஞாயிறுகளில், சிறுமி விரும்பினால், தாய் அழைத்துச் செல்லலாம்.

தந்தையின் பராமரிப்பில் வாழ்ந்துவருவதால். அவ்வளவுதான். தட்டச்சுப் பொறி அடுத்த வரிக்குப் போயிற்று.

குழந்தைகள் அறையில் நங்கை எனக்காகப் புத்தகத்தை எடுத்து வைத்திருந்தாள்.

"முதலில் கண்ணாடியைப் போட்டுக்கொள்" என்றேன்.

"எனக்குக் கண்ணாடி இல்லம்மா."

"அப்பாவின் பையில் இருக்கிறது. வழக்கு முடிந்துவிட்டது. போட்டுக்கொள்."

அவர் எடுத்து நீட்டினார். அவள் தந்தையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், போட்டுக்கொண்டாள். காதோரம் ஒருபுறம் தாழ்ந்திருந்தது. பிறகு என்னை நெடுநேரம் பார்த்தாள்.

"அம்மா, உங்களுக்கு முடி நரைச்சிருக்கு."

"ஆம்."

"தோத்துட்டீங்களா?"

"நீதான் மனுதாரர். நீ வென்றாய்."

அதற்கு அவள் சிரிக்கவில்லை. மேடையில் அது எடுபட்டிருக்கும். புத்தகத்தை அவளே பிரித்து மனத்துக்குள் படித்தாள். நான் அருகில் அமர்ந்திருந்தேன். மணியானதும் அந்த அம்மையார் விளக்கை அணைத்தார்.

செப்டம்பர் 4, புதன்

வங்கிக்குப் போய் அனுப்பினேன். முகம் தெரிந்த காசாளர், "என்னம்மா, நன்கொடையா?" என்றார். இல்லை என்றேன்.

செப்டம்பர் 7, சனி

நாளை அரியலூரில் இருந்த கூட்டத்துக்கு வரவியலாது என்று அமைப்பாளரிடம் சொன்னேன். "போஸ்டர் ஒட்டியாச்சேம்மா. நீங்க இல்லாம எப்பிடி? உடம்புக்கு என்ன?" என்றார். உடம்புக்கு ஒன்றுமில்லை என்றேன். அவர் நம்பவில்லை.

நங்கை வருவாளா என்று அவள் தந்தையிடம் கேட்கத் தொலைபேசியை எடுத்தேன். கேட்கவில்லை.

செப்டம்பர் 8, ஞாயிறு

உறையூர் வீட்டு வாயிலில் நின்றேன். அழைப்புமணியை மாற்றியிருக்கிறார்கள். நங்கை வெளியே வந்தாள். உள்ளே திரும்பி, "போயிட்டு வரேன்பா" என்றாள். அவர், "தண்ணி பாட்டில எடுத்துக்க" என்றார். எடுத்துக்கொண்டாள்.

எங்கே போகலாம் என்று கேட்டேன். எங்கே வேண்டுமானாலும் என்றாள். பிறகு சற்றுத் தொலைவு நடந்த பின், பள்ளிக் காலணி பிய்ந்துவிட்டது, அப்பா அடுத்த சம்பளத்துக்கு வாங்கலாம் என்றிருக்கிறார் என்றாள். தனியே வாங்கிக் கொடுப்பதைத் தொகையில் கழித்துக்கொள்ள முடியாது என்று சகிலா முன்பே சொல்லியிருக்கிறார். சத்திரம் பேருந்து நிலையத்தருகே ஒரு காலணிக் கடைக்குப் போனோம்.

கடைக்காரர் என்னைக் கண்டதும் எழுந்தார்.

"அம்மா, நீங்களா? டிவில பாத்துருக்கேன். அந்தத் தாய்மைப் பேச்சக் கேட்டு எங்கம்மா அழுதுட்டாங்க. ஒக்காருங்க, ஒக்காருங்க. பாப்பாவுக்கா? பிளாக் ஷூவா? என்ன சைஸும்மா?"

நங்கை கால்களை ஆட்டிக்கொண்டு சுவரிலிருந்த காலணிகளைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்திருக்கும். அவள் சொல்லவில்லை.

"எனக்குத் தெரியாது" என்றேன். "அளந்து பாருங்கள்."

கடைக்காரர் ஒரு கணம் தயங்கினார். பிறகு அளவுக்கட்டையைக் கொண்டுவந்து கீழே அமர்ந்தார். நங்கை ஆட்டுவதை நிறுத்திக் காலை வைத்தாள். இடக்காலின் சிறுவிரல் ஓரத்தில் தோல் வழன்று காய்ந்திருந்தது. பழைய காலணி கடித்த இடம்.

"நாலும்மா. வளர்ற பிள்ளை. நாலு எடுத்தா மூணு மாசம், அஞ்சு எடுத்தா அடுத்த வருசம் வரைக்கும் வரும். எது போடட்டும்?"

நான் நங்கையைப் பார்த்தேன்.

"அஞ்சு" என்றாள். "அப்பா எப்பவும் ஒரு சைஸ் பெருசாத்தான் வாங்குவாங்க. முன்னாடி பஞ்சு வச்சுக்குவோம்."

"சரி. ஐந்து கொடுங்கள்."

எதிர்ச்சாரியில் மருந்துக்கடை இருந்தது. பஞ்சு வாங்கினோம். பேருந்து நிலையத்துப் பலகையில் அமர்ந்து, எவ்வளவு கிள்ள வேண்டும், எப்படி உருட்டி நுனியில் அமுக்க வேண்டும் என்று அவள் காட்டினாள். முதலில் நான் மிகுதியாக வைத்துவிட்டேன். அவள் காலை விட்டுப் பார்த்து, "கொஞ்சம் எடுங்கம்மா" என்றாள்.

கொஞ்சம் எடுத்தேன்.